முறை அவர்களுடையது, தண்ணீர் இவர்களுக்கு

போன மாதம், புதிதாகப் பணியில் சேர்ந்த உங்களுக்கு வகுப்பு எடுக்க என்னையும் அழைத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் வறண்ட நாடுகளில் இருக்கும் ஒலிவ மரத் தோட்டங்களைத் திரையில் காட்டினார். பூக்கும் நாட்களில் மரத்துக்குத் தண்ணீர் தவறக்கூடாது, காய்க்குள் கொட்டை இறுகும் நாட்களில் குறைத்துக் கொடுத்தாலும் மரம் தாங்கும், காயில் எண்ணெய் சேரும்போது மறுபடி கவனம் வேண்டும் என்றார். எப்போது கொடுப்பது என்பதைவிட எப்போது கொடுக்காமல் இருப்பது என்பதுதான் அங்கே பெரிய வேலையாம்.

அவர் முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து என்னைக் கேட்டார். "இங்க ஆலிவும் இல்ல, சொட்டுக் குழாயும் இல்ல. இத வச்சுக்கிட்டு நாங்க டெல்டாவுல என்ன மேடம் பண்றது?"

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டு, நெல்லுக்கும் பருவம் உண்டு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சொன்னது போதாது என்று தஞ்சாவூர் பஸ்ஸில் உட்கார்ந்த உடனேயே தோன்றியது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள் நான். இனி எந்த வாய்க்கால் ஷட்டரையும் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கேள்விக்குச் சரியான பதில் என்னிடம் இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாசனப் பிரிவு அதிகாரியாக இருந்தபோது, ஒரு வருடம் ஆற்றில் தண்ணீர் குறைவாக வந்தது. அப்படிப்பட்ட வருடங்களில் வாய்க்கால் முழுவதற்கும் ஒரே நேரத்தில் பாய்ச்ச முடியாது. மேல்பிரிவு வயல்களுக்கு ஒரு வாரம், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கு ஒரு வாரம் என்று மாற்றி மாற்றி விடுவோம். இதற்குத்தான் முறை என்று பெயர். எங்கள் வாய்க்காலின் நடுவில் ஒரு ஷட்டர் இருந்தது. அதை இறக்கினால் தண்ணீர் மேல்பிரிவிலேயே நின்று அங்குள்ள கிளை வாய்க்கால்களில் ஏறும். ஏற்றினால் கடைமடைக்குப் போகும்.

இந்த முறையோடு எழுதப்படாத ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒருவர் முறை நடக்கும்போது மழைக்காக ஷட்டரை அடைத்தால், அந்த முறை அத்தோடு முடிந்தது. மறுபடி தண்ணீர் விடும்போது அது அடுத்தவருக்குப் போகும். மழையே பாய்ச்சிவிட்டது, பிறகு எதற்கு முறை என்பது அதிலுள்ள நியாயம். அந்தக் காலத்துப் பெரியவர்கள் பேசி வைத்தது. நல்ல நியாயம்தான். ஆனால் மழை வரும் என்று அடைத்து, மழை வராமல் போனால் என்ன செய்வது என்று அதில் யாரும் சொல்லி வைக்கவில்லை.

மார்கழிக் கடைசி. கடைமடையின் முறை தொடங்கி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. காலையில் மேலதிகாரி போன் செய்தார். கடலோரத்துக்குக் கனமழை எச்சரிக்கை வந்திருக்கிறது, இரவுக்குள் கடலும் ஏறிவிடும், அதன்பின் வடிகால் எதுவும் வடியாது, மாலைக்குள் நடு ஷட்டரை அடைத்துவிடுங்கள் என்றார். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. கடைமடை வயல்கள் தாழ்வானவை. கடல் ஏறி நிற்கும்போது மேலிருந்து வாய்க்கால் தண்ணீரும் வானத்திலிருந்து மழையும் சேர்ந்தால் பயிர் மூழ்கிவிடும்.

ஷட்டர் பொறுப்பு, வாய்க்கால் பணியாளரான லஸ்கர் ராஜமாணிக்கம் அண்ணனுடையது. அடைப்பதற்கு முன்னால் கடைசி வயலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

"போய்ப் பாத்தா அடைக்க மனசு வராது மேடம். அடைச்சுட்டுப் போனா கடைமடைக்காரங்க நம்மள விடமாட்டாங்க. எப்புடிப் பாத்தாலும் மத்தியானம் சாப்பாடு இல்ல" என்றார்.

எச்சரிக்கைச் செய்தி எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. வாய்க்காலின் குறுக்கே மூங்கில் கழியும் தழையும் மண்ணும் போட்டுத் தடுத்திருந்தார்கள். கொரம்பு என்பார்கள் அதை. கொரம்புக்குப் பின்னால் தண்ணீர் ஏறி வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. வயல்களில் தண்ணீர் வரப்பு முட்ட நின்றது. பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டியோடு வரப்பை இன்னும் உயர்த்திக்கொண்டிருந்தார்கள்.

முன்னால் வந்தவர் சித்ரா. அங்கே இரண்டு ஏக்கர் அவருடையது. அவருடைய அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நட்ட நிலம் அது. நாகூர்க்காரர் ஒருவரிடமிருந்து வாங்கி, பட்டா சித்ரா பெயருக்கு மாறியபின் போட்ட முதல் சம்பா. ஊரில் அவரை எல்லோருக்கும் தெரியும். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். வேலையும் அதைவிடக் குறைவில்லை.

"சாயங்காலம் அடைக்கப் போறீங்களாம்ல மேடம்? அடைச்சுக்குங்க. அதுக்குள்ள நாங்க நெறச்சுக்கிறோம்."

"பயிர் எந்த நிலையில இருக்கு?"

"தொண்டைக்கதிரு."

கதிர் இன்னும் வெளியே தலைகாட்டாமல் தாளுக்குள் அடைபட்டிருக்கும் நேரம் அது. நெல்லின் வாழ்நாளில் அதைவிட மென்மையான நாட்கள் இல்லை. அப்போது வயல் காய்ந்து வெடித்தால் கதிர் பதராகும். மூழ்கினாலும் பதராகும்.

"வரப்பு முட்ட வச்சிருக்கீங்க. இதுமேல மழையும் பெஞ்சா பயிர் முழுகிடும். கடல் ஏறிட்டா வடியவும் வடியாது" என்றேன்.

"பெஞ்சாத்தானே மேடம்?" என்றார் சித்ரா. "போன தடவையும் இப்புடித்தான், மழை வருது மழை வருதுன்னு அடைச்சீங்க. அது நாகூரோட நின்னுபோச்சு. எங்களுக்கு மழையும் இல்ல, முறையும் இல்ல. தண்ணி மேல்பிரிவுக்குப் போயிருச்சு. வயலு வெடிச்சுக் கெடந்தப்ப உங்க ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரு எட்டிப் பாத்தீங்களா?"

அவர் சொன்னது நடந்ததுதான். அப்போது நான் அந்தப் பிரிவுக்கு வந்திருக்கவில்லை. ஆனால் அதைச் சொல்வதால் அவருக்கு என்ன ஆகப்போகிறது?

இந்த இடத்தில் நீங்கள் சற்று நிற்க வேண்டும். சட்டப்படி எனக்கு எளிதான வழி ஒன்று இருந்தது. கொரம்பு போடக்கூடாது. காவல் துறைக்குச் சொல்லி எடுக்க வைத்திருக்கலாம். ஆனால் இவர்கள் ஏன் வரப்பு முட்ட நிரப்புகிறார்கள்? பயிருக்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை என்று அவர்களுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். அடுத்த தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இல்லாதவர் கையில் கிடைத்ததை நிரப்பிக்கொள்ளத்தான் செய்வார். ஆகவே நான் எடுக்க வேண்டியது கொரம்பை அல்ல, அந்தச் சந்தேகத்தை.

"மழை வரலைன்னா உங்க முறை நின்ன எடத்துலேர்ந்து திரும்பத் தொடங்கும்னு மேல்பிரிவு ஒத்துக்கிட்டா, இந்தத் தண்ணிய வடிய விடுவீங்களா?" என்று கேட்டேன்.

சித்ரா சிரித்தார். "மேல்பிரிவா? ஜபருல்லா பாயா? நடக்குறதாப் பேசுங்க மேடம்."

ஜபருல்லா பாய் திருத்துறைப்பூண்டியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். மேல்பிரிவில் நிலமும் உண்டு. தண்ணீர் விஷயத்தில் மேல்பிரிவுக்காகப் பேசுவது எப்போதும் அவர்தான். போன் செய்தேன். நடு ஷட்டருக்கு வந்தார். நான் கேட்டதும் முடியாது என்று தலையை ஆட்டினார்.

"அதெப்புடி மேடம்? அடைச்சா முறை முடிஞ்சுது. எங்க வாப்பா காலத்துலேர்ந்து இப்புடித்தான். அடுத்தது எங்க முறை. எங்க பயிரு என்ன ஒட்டகமா, தண்ணி இல்லாம நிக்கிறதுக்கு?"

"உங்க பயிர் மணி பிடிச்சாச்சே பாய். வர்ற வழியில பாத்தேன். தலை சாஞ்சு நிக்குது. இனிமே ஈரம் இருந்தாப் போதும்."

"போதும்தான். அறுக்குறதுக்கு முன்னாடி உளுந்து தெளிக்கணுமே? அதுக்கு ஈரம் வேணாமா?"

மேல்பிரிவில் முந்தி நட்டதால் பயிரும் முந்தி முற்றியிருந்தது. அறுவடைக்குச் சில நாள் முன்னால், நிற்கும் பயிருக்குள்ளேயே ஈர மண்ணில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அவர் கேட்டதும் நியாயமான தேவைதான்.

"உளுந்து என்னைக்குத் தெளிப்பீங்க?"

"அடுத்த வாரம்."

"அப்ப இந்த வாரம் தண்ணி வந்தா என்ன செய்வீங்க?"

பாய் என் பக்கம் நெருங்கி வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ளதச் சொல்றேன் மேடம். இந்த வாரம் எங்களுக்குத் தண்ணி வேணாம். வந்தா வடிய விடணும். ஆனா வேணாம்னு சொல்ல முடியாது. ஒரு தடவை விட்டுக் குடுத்தா, அடுத்த வருஷம் 'அன்னைக்கு விட்டீங்கல்ல'ன்னு கேப்பாங்க. அப்புறம் அதுவே வழக்கமாயிரும். எங்காளுங்க என்னத்தான் பிச்சு எடுப்பாங்க."

வேண்டாத தண்ணீரை, உரிமை போய்விடும் என்பதற்காக வாங்கி வடியவிடுவது. நம் வாய்க்கால்களில் தண்ணீர் எங்கே போகிறது என்று தேடும்போது ஓட்டைகளை மட்டும் தேடாதீர்கள். இதையும் தேடுங்கள்.

"உங்க உரிமைய விட்டுக் குடுக்கச் சொல்லல பாய்" என்றேன். "முறை உங்களோடதாவே இருக்கட்டும். மழை வரலைன்னா, உங்க முறையில, நீங்களே வந்து, உங்க கையால இந்த ஷட்டரத் திறங்க. தண்ணி கடைமடைக்குப் போகட்டும். அடுத்த வாரம் உளுந்துக்குத் தண்ணி உங்களுக்கு. அவங்க எடுத்துக்கிட்டதா இருக்காது. நீங்க குடுத்ததா இருக்கும்."

அவர் ஷட்டரின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். "நாங்க திறக்குறதா?"

"நீங்கதான். ராஜமாணிக்கம் அண்ணன் கூட நிப்பாரு. கை உங்களோடது."

"நமக்கு வேலை மிச்சம்" என்றார் ராஜமாணிக்கம் அண்ணன்.

இதற்குள் சித்ராவும் நாலைந்து பேரும் மண்வெட்டியோடு அங்கே வந்துவிட்டார்கள். விஷயத்தைக் கேட்டதும் சித்ரா பாயை மேலும் கீழும் பார்த்தார்.

"கொரம்பு போட்டது யாரு, நீதானா?" என்றார் பாய்.

"நானேதான். உங்க கடை மண்வெட்டிதான் பாய்."

"அப்ப ஒடையாது."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சித்ரா சிரிக்கவில்லை. "மழை வரலைன்னா வருவீங்களா?"

"வர்றேன் தங்கச்சி."

"கடைய மூடிட்டு?"

"மூடிட்டு."

"உங்காளுங்க வேணாம்னா?"

"அது என் பாடு."

சித்ரா என் பக்கம் திரும்பினார். "கையில இருக்குற தண்ணிய வடிய விடச் சொல்றீங்க மேடம். இவரு வாக்க மட்டும் வச்சுக்கச் சொல்றீங்க. இது போச்சுன்னா எனக்கு வெதநெல்லும் இல்ல."

"எல்லாத்தையும் வடிய விட வேணாம். மண்ணு மூடுற அளவு வச்சுக்கிட்டு மிச்சத்த விடுங்க. வெடிப்பு விழாம இருந்தாப் போதும்."

சித்ரா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். திரும்பி நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். தன் வயலின் வடிகால் பக்கத்து வரப்பை முதலில் அவர்தான் வெட்டினார். மற்றவர்கள் அவரைப் பார்த்து வெட்டினார்கள். கொரம்பையும் அவர்களே பிரித்தார்கள். வெயில் சாய்வதற்குள் ராஜமாணிக்கம் அண்ணன் ஷட்டரை அடைத்தார். வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரியும் தலைப்பிலும் தண்ணீரை நிறுத்தினார்கள்.

மழை வரவில்லை.

அன்றும் மறுநாளும் வானம் கறுத்து நின்றது. கடல் காற்று மட்டும் வந்தது. இரண்டு தூறல் விழுந்தது. மூன்றாம் நாள் காலை வெயில் பளிச்சென்று அடித்தது. எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். தலைப்பிலிருந்து வாய்க்காலுக்கு மறுபடி தண்ணீர் விட்டார்கள்.

நான் ஷட்டருக்குப் போனபோது கடைமடை ஆட்கள் ஏற்கெனவே கரையில் உட்கார்ந்திருந்தார்கள். சித்ராவின் காலடியில் மண்வெட்டி கிடந்தது. யாரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. வயல்களில் மண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த வெயிலுக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லித்தான் தண்ணீரை வடிய விட்டார்கள். எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

தலைப்புத் தண்ணீர் ஷட்டருக்கு வந்து மேல்பக்கம் ஏறத் தொடங்கியது. ஜபருல்லா பாயைக் காணவில்லை. போன் அடித்தேன். எடுக்கவில்லை.

"கடையில நல்ல வியாபாரம் போல" என்றார் கரையில் இருந்த ஒருவர்.

"பாயி வாக்கு துருப்புடிக்கிற இரும்புன்னு நெனைக்கல" என்றார் இன்னொருவர்.

சித்ரா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "மேடம், திறக்கச் சொல்லுங்க. உங்களுக்கு அதிகாரம் இருக்குல்ல?"

ராஜமாணிக்கம் அண்ணனும் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சொன்னீங்கன்னா ஏத்திடுவேன் மேடம்."

எனக்கு அதிகாரம் இருந்தது. ஏற்றியிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் போயிருக்கும். ஆனால் அது மேல்பிரிவின் முறையை அதிகாரி எடுத்துக் கொடுத்த தண்ணீர் ஆகியிருக்கும். அடுத்த முறை எச்சரிக்கை வரும்போது பாய் வாக்குக் கொடுக்க மாட்டார், சித்ரா வரப்பை வெட்ட மாட்டார். மறுபுறம், சித்ராவின் பயிரை வைத்து நான் யாருடைய வாக்கையும் சோதிக்க முடியாது. ஈரம் இருக்கும்வரைதான் காத்திருக்க எனக்கு உரிமை உண்டு. சித்ராவின் வயல்வரை போய், இறங்கி மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டு வந்தேன்.

"மத்தியானம் வரைக்கும் மண்ணு தாங்கும் சித்ரா. அதுவரைக்கும் பாப்போம். அவரு வரலைன்னா நானே ஏத்துறேன். வர்ற வழக்கு எம்மேல வரட்டும்."

"உங்களுக்கு வழக்கு வரும். எனக்குப் பதரு வரும்" என்றார். ஆனால் ஷட்டரைவிட்டு விலகிப் போய் உட்கார்ந்தார்.

வெயில் உச்சிக்கு வருவதற்கு முன்னால் மேல்பிரிவுப் பக்கமிருந்து நாலு வண்டிகள் வந்தன. முதல் வண்டியில் ஜபருல்லா பாய். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் மேல்பிரிவுக்காரர்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்களோ என்று கடைமடை ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

"கோச்சுக்காதீங்க மேடம்" என்றார் பாய். "நான் ஒருத்தன் வந்து திறந்தா, ஜபருல்லா திறந்தான்னு ஆயிரும். இவனுங்களைக் கூட்டிக்கிட்டு வரணும்ல? காலையிலேர்ந்து பேசிப் பேசித் தொண்டை போச்சு. கடைமடையில எனக்குச் சம்பந்தம் பேசிட்டாங்கன்னு ஒருத்தன் சொல்றான்."

"பேசலாம் பாய். பொண்ணு இருக்கு" என்றார் ராஜமாணிக்கம் அண்ணன்.

"வூட்ல ஒருத்தி இருக்கா, அவ ஒத்துக்கணும்."

கூட வந்தவர்களில் மூத்தவர் ஒருவர் என் முன்னால் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "முறை எங்களோடது. தண்ணி நாங்க குடுக்குறோம். அடுத்த வாரம் உளுந்துக்கு எங்களுக்கு."

"சரிங்க" என்றார் சித்ரா.

பாய் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். கொஞ்ச தூரம் ஏறியதும் மூச்சு வாங்கினார். அடுத்தவர் வந்து சுற்றினார். வந்திருந்த எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் சுற்றினார்கள். ராஜமாணிக்கம் அண்ணன் கைகட்டி நின்று, "இழுத்துப் புடிங்க, அரசாங்க ஷட்டரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஷட்டருக்கு அடியில் நுரைத்துக்கொண்டு கடைமடைக்குப் போனது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஒலிவத் தோட்டத்தில் ஒருவருக்கே மரமும் குழாயும் சொந்தம். எந்த மரம் இன்றைக்குக் காய்ந்து நிற்கலாம் என்று அவரே முடிவு செய்துகொள்ளலாம். இங்கே காய்ந்து நிற்கக்கூடிய பயிர் ஒருவருடையது, நிற்க முடியாத பயிர் இன்னொருவருடையது. பயிரின் பருவத்தைப் படிப்பது நம் வேலையில் பாதிதான். தண்ணீரை விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கு முன்னால், அது திரும்பி வரும் வழியை முதலில் போட்டுவைப்பது மறு பாதி. அந்த எச்சரிக்கை பலிக்கவில்லை என்பதால் தண்ணீரை வடியச் சொன்னது தவறு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. அதே நிலைமை வந்தால் அதையேதான் சொல்வேன். ஆனால் பாயின் வாக்கை வாங்காமல் சொல்லியிருந்தால், மழை வந்திருந்தாலும் அது தவறுதான்.

அன்று மாலை கடைசி வயல்வரை தண்ணீர் போகிறதா என்று பார்க்க மறுபடி போனேன். சித்ராவின் வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மண் மூடி, அதற்கு மேல் விரல்கடை அளவு நின்றது. வாய்க்காலில் தண்ணீர் இன்னும் வேகமாக ஓடியது. அவர் வரப்பில் நின்று பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல வரப்பு முட்ட வைப்பார் என்று நினைத்து, சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்தேன்.

அவர் குனிந்தார். மண்வெட்டியால் ஒரு கட்டி மண்ணை எடுத்து, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாய்மடையை அடைத்தார். காலால் மிதித்து இறுக்கினார். பிறகு அடுத்த வயல்காரரைப் பார்த்து, கையைத் தூக்கிச் சத்தமாகச் சொன்னார்:

"எனக்குப் போதும். நீங்க வாங்கிக்குங்க."

கடைமடையில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுவே முதல் தடவை.